வெள்ளை ஸ்வெட்டர் சிவந்த கதை

குளிர் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தவர்கள் நாம். உங்களைத்தான் சொல்கிறேன், போர்ட் பிளேயரில் மரம் அறுக்கும் மில்லின் சங்குச் சத்தத்தில் கண்விழித்து, அதன் மரத்தூளைத் தும்மித் தும்மி வளர்ந்த என் வயதுக்காரர்களை. இன்றைக்கு நீங்கள் ஏசி அறையில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுக்கிறீர்கள். அன்றைக்கு நம் குவாட்டர்ஸில் எந்த வீட்டில் போர்வை இருந்தது, யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அம்மாவின் பழைய சேலை, மற்ற நாளில் வெறும் பாய். அப்படிப்பட்ட ஊரில், பங்குனி வெயிலில், முதுகெல்லாம் வேர்வை வழிய என் அம்மா உல்லன் பின்னிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பருவத்தில் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வயதாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

வசந்தம் என்று தனியாக ஒன்று நம் தீவில் கிடையாது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. தையிலிருந்து சித்திரை வரை கடல் கொஞ்சம் சாதுவாக இருக்கும், அதுதான் நமக்கு வசந்தம். அதுதான் அம்மாவின் உல்லன் காலமும். கடல் அடங்கினால்தான் மெயின்லேண்ட் கப்பல் சொன்ன நாளில் வரும். கப்பல் வந்தால்தான் அபர்தீன் பஜார் பாய் கடைக்கு உல்லன் வரும். மழை ஆரம்பித்துவிட்டால் உல்லன் ஈரத்தை இழுத்துக்கொண்டு நனைந்த நாய் மாதிரி நாறும். ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

அம்மா ராமநாதபுரத்துக் காய்ந்த மண்ணில் பிறந்தவள். மில்லில் வேலை கிடைத்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினாள். அங்கேயும் வெயில், இங்கேயும் வெயில். அவள் உல்லனைக் கண்ணால் பார்த்ததே பக்கத்து வீட்டு மாஷியிடம்தான். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி, குவாட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாஷி. கல்கத்தாவில் இருந்த தன் அக்கா பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் ஸ்வெட்டர் பின்னி அனுப்புவார். அம்மாவுக்கு அரைகுறை இந்தி, மாஷிக்கும் அரைகுறை இந்தி. இரண்டு அரைகுறைகளும் சேர்ந்து "சீதா, உல்டா, சீதா, உல்டா" என்று பின்னும். நேராகக் குத்தி எடுத்தால் சீதா, புறமாக எடுத்தால் உல்டா. அம்மாவுக்கு அந்த வேலைக்கு வேண்டிய இந்தி அவ்வளவுதான்.

முதல் முறை பார்த்த அன்று நான் சோறு தின்னவில்லை. ஒரே நூல். கத்திரி இல்லை, தையல் மிஷின் இல்லை. இரண்டு இரும்பு ஊசி ஒன்றோடு ஒன்று 'டிக் டிக்' என்று பேசிக்கொள்ள, கீழே துணி இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் திரும்ப நூலாகிவிடுகிறது. கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் யாராவது பின்னினால் பேச்சை மறந்து நின்றுவிடுவேன்.

ஆனால் அம்மாவிடம் ஒரு குறை இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. எதையும் முடிக்க மாட்டாள். புது உல்லன் வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியாது. அடுப்பில் குழம்பு தீயும், அவள் பாட்டுக்குக் கண்ணி எண்ணிக்கொண்டிருப்பாள். பாதி வந்ததும் கொட்டாவி வரும். "இடுப்பு கடுக்குதுடி" என்று ஊசியை உருவிக்கொண்டு, பின்னியதைத் தகரப்பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். அடுத்த கப்பலில் பச்சை நிறம் வந்திருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குவாள். அந்தப் பெட்டியில் ஒற்றைக் கால் சாக்ஸ், உச்சி திறந்த குல்லாய், ஒரு முழ மப்ளர், யாருடையது என்று தெரியாத ஒரு கை எல்லாம் கிடந்தன. அப்பா அதற்கு அரைகுறைப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் திறந்து காட்டுவார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

இனி அக்கா. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். எனக்கு அம்மா பெற்ற அம்மா என்றால், அக்கா வளர்த்த அம்மா. ஒரே பாய், ஒரே தட்டு. தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயில் வராது, பின்னலில் வரும். முதல் நாள் நான் ஏதாவது வால்தனம் செய்திருந்தால், மறுநாள் கண் இரண்டும் மேலே ஏறுகிற மாதிரி இழுத்துப் பின்னுவாள். சாயங்காலம் வரை மண்டை விண்விண் என்று தெறிக்கும். எங்கள் வீட்டில் அவள் மனநிலையை என் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்த மாசி மாதம் அவளுக்கு நீலகிரி மலையிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. குவாட்டர்ஸிலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போகிற முதல் பெண். கூடவே ஒரு பட்டியல் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். வெள்ளைச் சேலை நான்கு. கறுப்பு ஷூ ஒரு ஜோடி. வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர், முன்பக்கம் பொத்தான் வைத்தது, ஒன்று. கடைசியில் அடிக்கோடு போட்டு ஒரு வரி: மேற்கண்டவை இல்லாமல் வருபவர்களைச் சேர்த்துக்கொள்ள இயலாது.

சேலை கிடைக்கும், ஷூ கிடைக்கும். ஸ்வெட்டருக்கு எங்கே போவது? பாய் கடையில் கேட்டதற்கு, "ஆர்டர் போட்டா ரெண்டு கப்பல் ஆகும்மா" என்றார். அக்காவுக்குச் சித்திரை நடுவில் கப்பல், அதற்குள் வராது. மெட்ராஸில் இறங்கி வாங்கலாமே என்பீர்கள். துணைக்குப் போகிற ஹெட் கிளார்க் குடும்பம் இறங்கிய கையோடு ரயில் ஏறுகிறது, கடை தேட நேரம் இல்லை. அந்த ஊரிலும் வெயில்தானே, ஸ்வெட்டரை யார் விற்பது?

"நான் பின்றேன்" என்றாள் அம்மா.

அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்றது. "நல்லாப் பின்னு. உன் பொண்ணு ஒத்தைக் கையோட போயி நிக்கட்டும்."

அக்கா சிரிக்கவில்லை. பட்டியலை வாங்கி அந்தக் கடைசி வரியை மறுபடி ஒரு தடவை படித்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. எனக்கு? சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அம்மாவாவது, முடிப்பதாவது! ஸ்வெட்டர் முடியாது, அக்கா போக மாட்டாள். சாமியை நம்புகிற மாதிரி நான் அம்மாவின் சோம்பலை நம்பினேன்.

பாய் கடையில் வெள்ளை உல்லன் மட்டும் நிறைய இருந்தது. சீக்கிரம் அழுக்காகும் என்று யாரும் வாங்குவதில்லை. பன்னிரண்டு சிட்டம் வாங்கினோம். அக்கா இரண்டு கைகளையும் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொள்ள, நான் உருண்டையாகச் சுற்றினேன். அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஒரு சாண் வளர்ந்ததும் மாஷி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இடையிடையே வரிசையாக ஓட்டை விட்டிருந்தாள் அம்மா.

"யே கியா ஹை, தீதி?" இது என்ன என்று கேட்டார்.

"பிள்ளைக்கு வேர்க்குமே? கொஞ்சம் காத்து வரட்டும்னு" என்று அம்மா கையால் விசிறிக் காட்டினாள். "ஹவா... ஹவா..."

மாஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஹவா லானே கே லியே நஹீ! ஹவா ரோக்னே கே லியே!" காற்றை வரவழைக்க இல்லை, காற்றைத் தடுக்க.

அம்மா அப்படியே வாய் திறந்து உட்கார்ந்துவிட்டாள். "காத்தைத் தடுக்கவா? காத்தை எதுக்குடி தடுக்கணும்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? வேண்டாத காற்று என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடி கண்ணி போட்டாள். அதற்குப் பிறகு கண்டவரிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள், குளிர் என்றால் எப்படி இருக்கும் என்று. பாய், "நம்ம ஊரு மார்கழி மாதிரிதாம்மா, கொஞ்சம் தூக்கலா" என்றார். மில் காவல்கார சர்தார், தங்கள் மலையில் பால் கல்லாகிவிடும் என்றார். அம்மா அவரை நம்பவில்லை.

முதுகுப் பக்கம் முக்கால்வாசி வந்து, கைக்கு வளைக்கிற இடத்தில் வழக்கம்போல் கொட்டாவி வந்துவிட்டது. இடுப்பு கடுத்தது. இரண்டு நாள், நான்கு நாள், ஒரு வாரம். உல்லன் சன்னலோரம் கிடந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வளரவில்லை. நிம்மதியாக விளையாடப் போவேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"அம்மா, நீ எதை வேணும்னாலும் பாதியில விடு. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கனா? இதை மட்டும் விட்றாதம்மா. இந்தக் கப்பலை விட்டா எனக்கு வேற கப்பல் கிடையாது."

அம்மா உல்லனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் ஊசியைக் கீழே வைத்து நான் பார்க்கவில்லை. சோறு வடித்துக்கொண்டே பின்னினாள், மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டே பின்னினாள். மூன்றாம் நாள் முதுகு முடிந்தது. அம்மா தன் வாழ்நாளில் முழுசாக முடித்த முதல் துண்டு! அப்பா அதைத் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இனி முடித்தேவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா குளிக்கப் போயிருந்தாள், அப்பா தூக்கம், அக்கா வீட்டில் இல்லை. இரும்பு ஊசி இரண்டும் சன்னலில் இருந்தன. பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். மரக்கட்டை ஏற்றுகிற ஜெட்டிக்கு ஓடினேன். ஓரத்தில் குனிந்து இரண்டையும் தண்ணீரில் விட்டேன். பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டு சுழன்று சுழன்று இறங்கின. அந்தத் தெளிந்த தண்ணீரில் ரொம்ப ஆழம் வரை தெரிந்தன. அழகாக இருந்தது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. பிறகு தெரியவில்லை.

அம்மா வீட்டையே புரட்டிப் போட்டாள். பாய் கடையில் ஊசி தீர்ந்திருந்தது. மாஷியின் ஊசிகள் மெலிசு. அதில் பின்னினால் முன்பக்கம் சின்னதாகிவிடும். அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம், அந்தக் கப்பலில்தான் அக்கா போக வேண்டும். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பெருச்சாளி இழுத்துப் போயிருக்கும் என்றார் அப்பா. மறுநாள் காலை அக்கா எனக்குத் தலை பின்னினாள். பயந்துகொண்டே கழுத்தைக் கொடுத்தேன். தளர்வாகத்தான் பின்னினாள், பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே ரிப்பன் அவிழ்ந்துவிட்டது. அப்பாடா, இவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். பிரித்தால், இரண்டு ஊசி. படாக் மரத்தில் கடைசல் பிடித்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று. நம் படாக்கின் சிவப்பு உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தலையில் சின்னக் குமிழ் வேறு கடைந்திருந்தார். அந்த இரும்பு ஊசியின் பருமன் அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கேலி செய்துகொண்டே அளவெடுத்திருக்கிறார் மனுஷர்.

அம்மா அவற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சாயம் விடாதா?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு வருஷம் காஞ்ச மரம்" என்றார் அப்பா கிணற்றடியிலிருந்தே. மரத்தின் விஷயத்தில் அவரிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. மில்லில் தரம் பார்க்கிறவர் அவர். "பச்சை மரந்தான் சாயம் விடும். இதைத் தண்ணியில ஊறப்போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

மரத்தைத் தெரிந்தவருக்கு அம்மாவின் கையைத் தெரியவில்லை. பங்குனிப் புழுக்கத்தில், கைவேர்வை நிற்காமல் வழிய, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். நான்கு விரல் வளர்ந்ததும் வெள்ளையில் லேசாக ஒரு ரோஜா நிறம் தெரிந்தது. மாஷிதான் முதலில் பார்த்தார். பெரார்கஞ்சில் தன் தம்பி வீட்டில் இதே அளவு இரும்பு ஊசி இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னால் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்.

"வேணாம்" என்றாள் அம்மா. காரணத்தை என்னிடம் தமிழில் சொன்னாள்: "இருபது வருஷத்துல எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுத்திருக்காரு. அதை ஓரமா வச்சுட்டு இன்னொருத்தர் ஊசில பின்னவா? துவைச்சா போயிரும்."

முன்பக்கம் இரண்டும் முடிந்தன. ஒரு கை முடிந்தது. அந்த ஒற்றைக் கையோடு பாதி ஸ்வெட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா எங்களை மீன் துறைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஐஸ் தயாரிக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. பொறுப்பாளர் ஒரு தெலுங்கர். அம்மா அவரிடம் தன் இந்தியில், "என் பெண் குளிருக்குப் போகிறாள், குளிரைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்டாள். அவர் என்ன நினைத்தாரோ, சிரிக்காமல் அந்தத் தடித்த கதவைத் திறந்துவிட்டார்.

எப்படிச் சொல்வேன்! வெள்ளை வெள்ளையாகப் புகை தரையோடு தவழ்ந்து வந்து என் காலைத் தொட்டது. சுடவில்லை. உள்ளே ஆள் உயரத்துக்குக் கண்ணாடிப் பாளங்கள். நான் கத்தினேன், என் வாயிலிருந்தும் புகை வந்தது. பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா அக்காவுக்கு ஸ்வெட்டரை மாட்டி, ஐஸ் பாளத்தின் பக்கத்தில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் போனதும் கேட்டாள்.

"எப்படியிருக்கு?"

அக்கா ஸ்வெட்டர் கை இல்லாத பக்கத்தைத் தொட்டாள். "இங்க ஊசி குத்துது." ஸ்வெட்டர் இருந்த கையைத் தொட்டாள். "இங்க ஒண்ணுமே தெரியலம்மா. வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு."

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தான் பின்னியது வேலை செய்கிறது! அதுவரை கண்ணாலும் காணாத ஒரு எதிரிக்கு அவள் பாட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த ஐஸில் உள்ளங்கையை வைத்தேன். சூடு போட்ட மாதிரி இழுத்துக்கொண்டேன். இதற்குள்ளா அக்கா போய் மூன்று வருஷம் இருக்கப் போகிறாள்? இதைத் தடுக்கிற சட்டையின் ஊசியையா நான் கடலில் போட்டேன்? அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவின் கையை நான் விடவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரம் போக அவள் கையைத் துடைத்துவிடுவது என் வேலையாயிற்று. ரொம்பத் தாமதமாக வந்த புத்தி.

கப்பலுக்கு இரண்டு நாள் முன்பு ஸ்வெட்டர் முடிந்தது. பொத்தான் தைத்தாகிவிட்டது. வெள்ளைதான், ஆனால் அழுக்கு ரோஜா நிறத்தில் திட்டுத்திட்டாக. அம்மா பார் சோப்பைப் போட்டு நுரை பொங்கத் துவைத்தாள். சோப்புத் தண்ணீர் பட்டதும் திட்டுகள் கரைந்து பரவின. அலசி எடுத்தால், காயத்துக்குக் கட்டிய துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. அதைவிடக் கேவலமான ஒரு நாள் என் வாழ்க்கையில் இல்லை. அப்பா உள்ளே போய் அந்த ஊசிகளை எடுத்துவந்தார். முட்டியில் வைத்து முறிக்கப் போனார். அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஊசி என்ன பண்ணுச்சு? விடுங்க."

"பதினஞ்சு வருஷம் காஞ்ச மரம்" என்றார் அப்பா மறுபடியும். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா ஸ்வெட்டரை விரித்துப் பிடித்துத் திட்டுகளைப் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "போயி ஒரு சாக்கு படாக் தூள் கொண்டாங்க. ஜல்தி" என்று அப்பாவை விரட்டினாள். பெரிய தகர டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து, மரத்தூளைக் கொட்டி, சோடா உப்புப் போட்டாள். தெரு முழுக்கப் படாக் வாசனை. பிறகு ஸ்வெட்டரை முழுசாக அதற்குள் அமுக்கினாள்.

"அம்மா! பட்டியல்ல வெள்ளைன்னு போட்டிருக்கும்மா!" என்று அக்கா அலறினாள்.

"வெள்ளை இனிமே வராது. திட்டுத்திட்டா இருந்தாத்தான் கறைம்பாங்க. மொத்தமாச் சிவந்துட்டா யாரு கேக்கப் போறா? கேட்டா, எங்க தீவு மரத்தோட நிறம்னு சொல்லு. குளிரைத் தடுக்குதா இல்லையான்னு போட்டுப் பாக்கச் சொல்லு."

வெளியே எடுத்து உதறியபோது மாஷி கூட "ஹாய் ராம்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மழையில் நனைந்த படாக் கட்டையின் அதே சிவப்பு. ஒரு இடத்தில் கூடக் குறைச்சல் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கடைகளில் எத்தனையோ சிவப்பைப் பார்த்துவிட்டேன். அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை.

சாத்தம் ஜெட்டியில் கப்பல் புறப்படும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரே அங்கேதான் நிற்கும். மேல்தளம் முழுக்கத் தலைகள், எங்கு பார்த்தாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கப்பலும் வெள்ளை. கயிறு அவிழ்த்ததும் எங்கள் அக்கா எது என்று தெரியவில்லை. அம்மா குதிகாலைத் தூக்கித் தூக்கித் தேடினாள். அப்போதுதான் கம்பியோரம் ஒரு சிவப்பு எழுந்தது. மண்டையைப் பிளக்கிற சித்திரை வெயிலில், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் சிரிக்க, அக்கா அந்த உல்லன் ஸ்வெட்டரை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றாள். கையைக்கூட ஆட்டவில்லை, சும்மா நின்றாள். கப்பல் திரும்பியது, சின்னதாயிற்று, ஆட்கள் எல்லாம் கரைந்து போனார்கள். அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்தது. துறைமுக வாயைத் தாண்டிக் கப்பல் மறையும் வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியறா... இன்னும் தெரியறா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதல் கடிதம் வர மழைக்காலம் வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து அப்பா படித்தார். அம்மா பக்கத்தில் படாக் ஊசிகளோடு புதிதாக ஏதோ ஆரம்பித்திருந்தாள். மேட்ரன் அம்மா ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து யார் பின்னியது என்று கேட்டார்களாம். "எங்கம்மா, அவங்க குளிரே பார்த்ததில்லை" என்று அக்கா சொன்னாளாம். வார்டில் போட வெள்ளை ஒன்று இரவல் கொடுத்துவிட்டு, மற்ற நேரத்தில் இதையே போட்டுக்கொள் என்றுவிட்டார்களாம். அவ்வளவுதான். அடிக்கோடு போட்ட அந்த ஒரு வரிக்குப் பயந்து நாங்கள் பட்ட பாடு! காலையில் வாயிலிருந்து புகை வருகிறது, அம்மா, ஆனால் நெஞ்சில் குளிரவில்லை என்று எழுதியிருந்தாள். அம்மா அந்த வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

கடைசியில் என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா அதையும் உரக்கப் படித்தார்.

"சின்னக்குட்டியை ஜெட்டிப் பக்கம் தனியாக விடாதீர்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், ஓரத்தில் ரொம்பக் குனிந்து நின்றாள். தண்ணீரில் விழுந்துவிடுவாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது."

"ஜெட்டில குனிஞ்சு என்னடி பாத்த?" என்றார் அப்பா.

"மீனு" என்றேன்.

அம்மாவின் ஊசி ஒரு கண்ணி நேரம் நின்றது. பிறகு மறுபடி பின்னியது. அவள் எதுவும் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை.

அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. தன் கப்பல், தன் படிப்பு, தன் வாழ்க்கை எல்லாம் அந்த இரண்டு ஊசியோடு முதல் நாள் கடலுக்குள் இறங்கியதை இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறாள். பார்த்தவள், விடிந்ததும் சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இழுத்துக்கூடப் பின்னவில்லை.